தெருமுனைப் பச்சைப் பெட்டியிலிருந்து வரும் இணையம்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

லண்டன் புறநகரில் உள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனையில் நிற்கும் பச்சைப் பெட்டிக்கு நடந்தால் ஏறக்குறைய 250 மீட்டர். எங்கள் தொலைபேசிக் கம்பி அதே பெட்டியை அடைவதற்கு எடுத்துக்கொள்ளும் வழியோ 420 மீட்டர். பின் தெருவில் நிற்கும் மரக் கம்பத்தில் ஏறி, நடைபாதைக்கு அடியில் இறங்கி, ஒரு பள்ளிக்கூட மதிலைச் சுற்றிக்கொண்டுதான் அது போகிறது. எட்டு ஆண்டுகளாக நான் மாதம் 30 பவுண்டுக்குச் சற்று மேல் கட்டிப் பயன்படுத்திவரும் பிராட்பேண்ட் சேவையின் தரத்தை முடிவு செய்தது இந்த 420 மீட்டர்தான். இடையில் மூன்று நிறுவனங்களுக்கு மாறியிருக்கிறேன். இரண்டு மோடங்களை மாற்றியிருக்கிறேன். எதனாலும் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. ஆகவே இந்த மதிப்பீடு ஏதோ ஒரு நிறுவனத்தைப் பற்றியதன்று. பிரிட்டனில் இன்றும் பல இலட்சம் வீடுகளுக்குச் செல்லும், தெருப்பெட்டி வரை ஒளியிழையும் அங்கிருந்து வீடு வரை பழைய செம்புக் கம்பியுமாக அமைந்த அந்தச் சேவையைப் பற்றியது.

இது எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனின் தொலைபேசி வலையமைப்பில் எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் பெரிய கேபிள்கள் முதலில் தெருவோரப் பெட்டிகளுக்கு வரும். அங்கிருந்து சிறிய கேபிள்களாகப் பிரிந்து கம்பங்களுக்கும் வீடுகளுக்கும் போகும். நம் ஊரில் தொலைபேசித் துறையினர் 'பில்லர்' என்று சொல்லும் பெட்டி செய்யும் வேலையைத்தான் இந்தப் பச்சைப் பெட்டியும் செய்கிறது. தொலைபேசிக் கம்பியில் இணையம் தந்த பழைய ஏ.டி.எஸ்.எல். முறையில் இணையக் குறிகை (சிக்னல்) எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்பில் புறப்பட வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருந்தவர்கள் விநாடிக்கு 20 மெகாபிட்டுக்குக் கிட்டப் பெற்றார்கள். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள் ஒன்றிரண்டு மெகாபிட்டோடு காலம் தள்ளினார்கள். செம்பில் அதிர்வெண் கூடக் கூடக் குறிகை விரைவில் தேய்ந்துபோகும் என்பதே இதற்குக் காரணம். தொலைவில் நடக்கும் திருவிழாவிலிருந்து தவிலின் ஓசை காதில் விழும், ஜால்ராவின் ஒலி விழாது. அதைப் போன்றதுதான் இதுவும்.

செம்பின் நீளத்தைக் குறைத்தால் உயர்ந்த அதிர்வெண்களையும் பயன்படுத்தலாம். ஏ.டி.எஸ்.எல்.லின் மேம்பட்ட வடிவமான ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகிறது. இந்தத் தெருப்பெட்டிச் சேவை பயன்படுத்தும், 2006இல் தரப்படுத்தப்பட்ட வி.டி.எஸ்.எல்.2 முறை, பிரிட்டனில் பயன்படும் வடிவில், 17 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகிறது. அந்த அகலம் கிடைக்க வேண்டுமானால், குறிகையைப் புறப்படச் செய்யும் கருவி எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே வந்து, வீட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள் எங்கேனும் உட்கார வேண்டும். எங்கே உட்காரலாம் என்ற கேள்வியில்தான் இந்தச் சேவையின் நன்மை தீமை இரண்டும் அடங்கியிருக்கின்றன.

பிரிட்டிஷ் டெலிகாம் 2008 ஜூலையில் 150 கோடி பவுண்டு செலவில் 2012க்குள் ஒரு கோடி வீடுகளுக்கு அதிவேக இணைப்பு என்று அறிவித்தபோது, அதன் கட்டமைப்புப் பிரிவான ஓப்பன்ரீச் கண்ட விடை எளிமையானது: பழைய பச்சைப் பெட்டி எங்கே நிற்கிறதோ அதன் பக்கத்திலேயே புதிய பெட்டியை நிறுத்துவது. 2009இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில்லிலும் கார்டிஃபின் விட்சர்ச்சிலும் சோதனை நடந்தது; அடுத்த ஆண்டு விற்பனை தொடங்கியது. முதலில் 40 மெகாபிட் என்று இருந்த உச்ச வேகம் 2012இல் 80 ஆக உயர்ந்தது. பழைய பெட்டியில் ஒவ்வொரு வீட்டின் கம்பி ஜோடியும் ஏற்கெனவே பிரித்து இணைக்கப்பட்டிருக்கிறது. புதிதாகத் தோண்ட வேண்டியது இரண்டு பெட்டிகளுக்கும் இடைப்பட்ட சில மீட்டரும், ஒளியிழைக் குழாயும், மின்இணைப்பும் மட்டுமே. குறைந்த காலத்தில் நிறைய வீடுகளை எட்ட வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பழைய பெட்டிகளை யாரும் இணையத்துக்காக வைக்கவில்லை. அவற்றின் இடத்தைத் தீர்மானித்த பொறியாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னர், எந்தத் தெருவில் எத்தனை பேர் தொலைபேசி கேட்பார்கள், கேபிள் செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டவர்கள். குரல் பல கிலோமீட்டர் செம்பில் தடையின்றிப் போகும். வீடு பெட்டியிலிருந்து 300 மீட்டரில் இருக்கிறதா 1,300 மீட்டரில் இருக்கிறதா என்பது அவர்களுக்குப் பொருட்டே அல்ல. வி.டி.எஸ்.எல்.லுக்கோ அதுதான் எல்லாம். தோராயமாகச் சொன்னால், 300 மீட்டர் வரை 70 மெகாபிட்டுக்கு மேலும், ஒரு கிலோமீட்டரில் 30ஐ ஒட்டியும் கிடைக்கும்; ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டினால் ஏ.டி.எஸ்.எல். காலத்து நினைவுகள் திரும்பிவிடும். பழைய வரைபடத்தின் மீது புதிய வலையமைப்பைப் போர்த்தியபோது, அன்று யாருக்கும் உறைக்காத நீளங்களெல்லாம் வாடிக்கையாளர் தலையில் விழுந்தன.

இதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு சாட்சி உண்டு. பச்சைப் பெட்டிக்கு இரண்டாவது வீட்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு அக்கா இருக்கிறார்; அவர் வீட்டுக் கதவைத் திறந்தால் கண்ணில் படுவதே அந்தப் பெட்டிதான். 2018 ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் '80 மெகாபிட் வரை' என்று சொன்னதை நம்பி இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கிடைத்தது 17. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பெட்டி எங்கட வாசலிலதானே நிக்குது, பிறகேன் எனக்கு மட்டும் இப்பிடி இழுபடுது?" என்று கேட்டார். அவருடைய தொலைபேசி எண்ணைப் பொதுவில் கிடைக்கும் இணைப்புச் சோதனைப் பக்கத்தில் இட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. என் வீடு 23ஆம் எண் பெட்டியில் இருக்கிறது. அவருடையது 9ஆம் எண் பெட்டியில், ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், கம்பி வழியே சுமார் 1.4 கிலோமீட்டர். அவர் வரிசை வீடுகளுக்கான கேபிள் அந்தத் திசையிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு பெட்டிகளின் எல்லை எங்கள் தெருவின் நடுவில் ஓடுகிறது. "அப்ப இந்தப் பெட்டிக்கு மாத்திவிடச் சொல்லுங்கோவன்" என்றார். அந்த வரிசைக்காக நடைபாதையைத் தோண்டிப் புதிய கேபிள் போட்டாலொழிய அது நடக்காது என்று விளக்குவதற்கு ஒரு தேநீர் நேரம் ஆயிற்று. அவர் சமாதானம் அடைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவராவது ஒரு பெட்டியில் இருக்கிறார். எக்ஸ்சேஞ்சுக்கு மிக அருகில் இருந்த வீடுகள் பலவற்றுக்கு இடையில் பெட்டியே இல்லாமல் நேராக எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி போட்டிருந்தார்கள். ஏ.டி.எஸ்.எல். காலத்தில் அவர்கள்தான் ராஜாக்கள். பெட்டிகளை மேம்படுத்தும் திட்டம் வந்தபோது மேம்படுத்தப் பெட்டியே இல்லாத அவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். அந்தக் கேபிள்களின் நடுவே புதிய இணைப்புப் பெட்டிகளைச் செருகிய பின்னரே பலருக்கு இணைப்புக் கிடைத்தது. நகரின் நட்டநடுவில், எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கு எதிர்வீட்டில் இருந்துகொண்டு மெதுவான இணையத்தோடு இருந்தவர்களின் எரிச்சலை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

பெட்டிக்கு இடம் பார்ப்பது தொழில்நுட்பக் கணக்கு மட்டுமன்று. பழைய பெட்டி ஒல்லியானது. உள்ளே மின்சாரம் இல்லை, வெறும் கம்பி முடிச்சுகள்தான். புதியதற்குள் நூறு முதல் முந்நூறு வரையான இணைப்புகளுக்கான கருவி, மின்விசிறிகள், மின்தடை நேரத்துக்கான பேட்டரிகள் எல்லாம் இருக்க வேண்டும்; ஆகவே அது ஒரு பெரிய அலமாரி அளவுக்கு வருகிறது. கதவைத் திறந்தாலும் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும் அளவுக்கு நடைபாதையில் இடம் வேண்டும். சந்திப்பில் திரும்பும் வண்டிக்காரரின் பார்வையை மறைக்கக் கூடாது. மரத்தின் வேரைத் தொடக் கூடாது. மின்கேபிள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய பெட்டியிலிருந்து விலகிப் போகவும் முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் இடையில் போகும் இணைப்புக் கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் வாடிக்கையாளரின் நீளத்தோடு சேர்ந்துகொள்ளும். இவ்வளவும் பொருந்திய இடம் கிடைத்தால், அது யாருடைய வரவேற்பறைச் சன்னலுக்கோ நேர் எதிரில் இருக்கும்.

அழகு கெடுகிறது என்ற எதிர்ப்பு வெறும் முணுமுணுப்பாக நின்றுவிடவில்லை. லண்டனின் மிகச் செல்வமான பகுதிகளில் ஒன்றான கென்சிங்டன் அண்ட் செல்சியில் உள்ளாட்சி மன்றம் பெட்டிகளுக்கான விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை நிராகரிக்க, 2012இல் பிரிட்டிஷ் டெலிகாம் அந்தப் பகுதிக்கான திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பழைமை பாதுகாக்கப்படும் தெருக்களில் பச்சை அலமாரிகள் வேண்டாம் என்பது மன்றத்தின் வாதம். அடுத்த ஆண்டே அரசு விதிகளைத் தளர்த்தி, அத்தகைய வட்டாரங்களிலும் முன் ஒப்புதல் இல்லாமல் பெட்டி வைக்க வழி செய்தது. நான் இரு தரப்பையும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருப் பெட்டியில் ஆறு மாதத்துக்குள் யாரோ கறுப்புச் சாயத்தில் கிறுக்கிவிட்டுப் போனார்கள். அதன் மேல் வெறும் பீர்க்குப்பி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை. கோடைப் பிற்பகலில் அதன் பக்கமாக நடந்தால் மின்விசிறிகளின் இரைச்சலும் பக்கவாட்டுத் துவாரங்களிலிருந்து வெப்பக் காற்றும் வரும். சன்னலுக்கு வெளியே அதை விரும்பாத ஒருவரை நாம் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு இணைப்புக் கொடுத்த நாளில் பணியாளர் வீட்டுக்குள் வரவேயில்லை. வேலை முழுவதும் பெட்டியில்தான். ஆர்வம் தாங்காமல் நான் நடந்து போய்ப் பார்த்தேன். மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, பழைய பெட்டியின் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பல நிறங்களில் நூற்றுக்கணக்கான கம்பிகள், தறியில் சிக்கிய நூலைப் போலப் பின்னிக் கிடந்தன. அவற்றிலிருந்து எங்கள் வீட்டு ஜோடியைத் தேடிப் பிடித்து, எக்ஸ்சேஞ்ச் பக்க இணைப்பைத் துண்டித்து, ஒரு ஜோடியால் அதைப் புதிய பெட்டிக்கு அனுப்பி, மற்றொரு ஜோடியால் அங்கிருந்து திரும்பி வருவதை எங்கள் வீட்டுப் பக்கத்தோடு இணைத்தார். குரல் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. இணையம் மட்டும் இடையில் புதிய பெட்டியில் ஏறிக்கொள்கிறது. நான்கு கம்பி முனைகளை விரல் நகம் அளவுள்ள பிசின் குப்பிகளுக்குள் வைத்து இடுக்கியால் நெரித்தார். அந்த 420 மீட்டர் கணக்கை அவருடைய சோதனைக் கருவிதான் அப்போது காட்டியது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. ஏ.டி.எஸ்.எல்.லில் 6 மெகாபிட்டோடு இருந்த வீடு அன்று மாலை 71 மெகாபிட்டில் இருந்தது. மேலே அனுப்பும் வேகம் ஒன்றுக்கும் குறைவாக இருந்தது 18 ஆயிற்று; ஊரிலிருக்கும் அம்மாவோடு காணொளியில் பேசும்போது முகம் உறைந்து நின்ற காலம் அத்தோடு போயிற்று. அந்த வகையில் இந்தச் சேவைக்கு நான் நன்றி உடையவன்தான்.

அந்த 71 நிலைக்கவில்லை. பக்கத்து வீட்டினர் ஒருவர் பின் ஒருவராக அதே பெட்டியில் சேரச் சேர, வேகம் படிப்படியாக இறங்கியது. ஐந்தாம் ஆண்டில் 58. இதற்குப் பழுது என்று பெயர் சொல்ல முடியாது. ஒரே கேபிள் உறைக்குள் நெருங்கி ஓடும் ஜோடிகளில் ஒன்றின் குறிகை மற்றொன்றில் கசிகிறது. அதிர்வெண் உயர்ந்தால் கசிவும் கூடும். சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எதிரில் நிற்பவர் சொல்வது நமக்குக் கேட்காது அல்லவா, அதுதான். இந்தக் கசிவை முன்கூட்டியே கணக்கிட்டு எதிர்க்குறிகையால் அடித்துவிடும் வெக்டரிங் என்ற முறை உண்டு. ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் தன் தெருப்பெட்டிகளில் அதைப் பரவலாகப் போட்டு 100 மெகாபிட் விற்றது. 2018இலிருந்து அதிர்வெண்ணை 35 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டி 250 வரை கொண்டுபோனது. பிரிட்டனில் சோதனைகள் நடந்தனவே தவிர நாடு முழுவதும் அது வரவில்லை. திட்டமிட்டவர்கள் பெட்டிக்குச் செலவழித்த கவனத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்திருந்தால், என்னைப் போன்ற நடுத்தூர வீடுகள் இழந்ததை மீட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

வெக்டரிங்குக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கேபிளில் உள்ள எல்லா ஜோடிகளும் ஒரே கருவியின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் அது முழுப் பலன் தரும்; வேறொரு நிறுவனம் தன் பெட்டியைப் பக்கத்தில் வைத்து அதே கேபிளில் குறிகை அனுப்பினால் கணக்குப் பிசகும். பிரிட்டனில் அப்படி வைக்க மற்றவர்களுக்கு உரிமை இருந்தது. ரட்லண்ட் டெலிகாம் என்ற சிறு நிறுவனம் 2010இல் லிடிங்டன் என்ற கிராமத்தில் ஊர்க்காரர்கள் தாங்களே போட்ட பணத்தோடு தனிப் பெட்டி வைத்துக் காட்டியது. பெரிய நிறுவனம் தங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்க விரும்பாதவர்களின் வேலை அது. இன்று நினைத்தாலும் மெச்சத் தோன்றுகிறது. அதே வழியில் தெற்கு யார்க்ஷயரில் நான்கு உள்ளாட்சி மன்றங்கள் பொதுப் பணத்தில் நடத்திய டிஜிட்டல் ரீஜன் வலையமைப்போ போதிய வாடிக்கையாளர் இல்லாமல் 2013இல் மூடப்படும் நிலைக்கு வந்தது. ஒருவர் சொந்தமாக வைத்திருக்கும் கம்பியில் இன்னொருவர் பெட்டி வைத்துப் பிழைப்பது எளிதன்று.

திட்டமிடலில் வெளியே தெரியாத ஒரு விதி என் மதிப்பீட்டில் முக்கியமானது. பெட்டியிலிருந்து புறப்படும் புதுக் குறிகையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நெடுந்தூரம் வந்து களைத்துப்போன ஏ.டி.எஸ்.எல். குறிகையும் பெட்டிக்கு அப்பால் ஒரே கேபிளில் ஓடுகின்றன. பெட்டி தன் முழுப் பலத்தோடு கத்தினால், இன்னும் பழைய சேவையிலேயே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் இணைப்பு அமுங்கிவிடும். ஆகவே எக்ஸ்சேஞ்சுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள கேபிளில் எவ்வளவு தேய்வு ஏற்படுகிறது என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண்ணாகக் குறித்து, ஏ.டி.எஸ்.எல். பயன்படுத்தும் தாழ்ந்த அதிர்வெண்களில் அந்த அளவுக்குத் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்படி பெட்டிக்குக் கட்டளை இட்டார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நீண்ட கம்பியில் உயிரோடு போய்ச் சேர்வது அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களே. ஆகவே இந்த விட்டுக்கொடுத்தலின் சுமை, பெட்டிக்கு அருகில் இருப்பவரைவிட 1.4 கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் அக்காவைப் போன்றவர்கள் மீதே அதிகம் விழுந்தது.

கம்பியின் தரமும் ஒரே மாதிரி இல்லை. செம்பு விலை ஏறிய காலத்தில் சில வட்டாரங்களில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அது செம்பைவிடக் கூடுதல் தடை உடையது, மூட்டுகளில் எளிதில் கெடும். வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பழைய தொலைபேசி மணி அடிப்பதற்கென்று மூன்றாவதாக ஒரு கம்பி மாடி அறை வரை ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய தொலைபேசிக்கு அது தேவையில்லை. ஆனால் ஜோடியின் சமநிலையைக் கெடுத்து வானொலி அலைகளை வாங்கும் ஆன்டெனாவாக அது வேலை செய்யும். பிரதான சாக்கெட்டின் முன்பலகையைக் கழற்றி அந்த ஒற்றைக் கம்பியை மட்டும் நான் எடுத்துவிட்டதும் 58 என்பது 64 ஆனது. செலவு ஒரு திருப்புளி. ஐந்து ஆண்டுகள் இதைச் செய்யாமல் இருந்தது என் அசட்டை; வேறு யாரையும் நோக இடமில்லை.

பெயரைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. பெட்டியில் 'ஃபைபர் பிராட்பேண்ட் இங்கே வந்துவிட்டது' என்ற பொருளில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். கடைசி 420 மீட்டரும் செம்பு என்பதை அது சொல்லவில்லை. இந்தச் சேவையை 'ஃபைபர்' என்று விளம்பரம் செய்வது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகாது என்று விளம்பரத் தர ஆணையம் 2017இல் முடிவு செய்தது. வீடு வரை ஒளியிழை போடும் சிட்டிஃபைபர் நிறுவனம் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போய் 2019இல் தோற்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒளியிழைக்கு மாறிவிட்டோம் என்று நம்பி, உண்மையான ஒளியிழை தெருவுக்கு வந்தபோது 'எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். 'வரை' என்ற சொல்லின் ஆட்டம் மட்டும் 2018 மேயில் ஓரளவு அடங்கியது: உச்ச நேரத்தில் வாடிக்கையாளரில் பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்றானது. 2019 மார்ச்சிலிருந்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நடத்தை நெறியில் சேர்ந்த நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே குறைந்தபட்ச உத்தரவாத வேகத்தைச் சொல்ல வேண்டும்; அது கிடைக்காமல் ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வாடிக்கையாளர் அபராதமின்றி விலகலாம். அக்காவுக்கு இது ஓராண்டு தாமதமாக வந்தது.

இந்தத் திட்டத்தின் அகலத்தை மறுக்க முடியாது. தனியார் கணக்கில் லாபம் தராத பெட்டிகளுக்கு அரசு பணம் கொடுக்க, 2017 இறுதிக்குள் நாட்டின் 95 விழுக்காட்டு வளாகங்களுக்கு 24 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும் நிலை வந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலையும் பள்ளிக்கூடமும் நடந்ததென்றால் அதில் இந்தப் பச்சை அலமாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரே நேரத்தில் மூன்று காணொளி வகுப்புகள் ஓடின, எதுவும் அறுபடவில்லை. ஆஸ்திரேலியாவில் வீடு வரை ஒளியிழை என்று தொடங்கிய தேசிய வலையமைப்பு, 2013இல் ஆட்சி மாறியபின் பல இடங்களில் தெருப்பெட்டிக்குத் திரும்பி, 2020இல் மறுபடியும் ஒளியிழையை நோக்கித் திரும்ப நேர்ந்தது. அதோடு ஒப்பிட்டால் பிரிட்டன் ஒரே வழியில் நேராகப் போய் வேலையை முடித்தது என்றே சொல்வேன்.

அந்த வழி எங்கே முடிகிறது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. பழைய பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தோள்பை போலத் தொங்கும், செம்பிலேயே வேகத்தைக் கூட்டும் ஜி.ஃபாஸ்ட் கருவிகளால் 330 மெகாபிட் வரை கொடுத்துப் பார்த்தார்கள். செம்பு 350 மீட்டருக்கு மேல் போனால் அதில் பயனில்லை என்பதால் நான் தகுதி பெறவில்லை, அத்திட்டமும் பாதியில் நின்றது. ஓப்பன்ரீச் இப்போது 2026 இறுதிக்குள் இரண்டரைக் கோடி வளாகங்களுக்கு வீடு வரை ஒளியிழை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் பழைய குரல் சேவை 2027 ஜனவரியோடு நிறுத்தப்படுகிறது. அதன்பின் பெட்டி வழி இணையம் மட்டும் தனியாகச் செம்பில் ஓடும், தொலைபேசி மோடத்தில் செருகப்படும். மின்தடையின்போது எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தில் இயங்கிய பழைய தொலைபேசியின் வசதி அதோடு போகிறது. தனியாக வாழும் முதியவர்கள் வீட்டில் இருந்தால், மாற்றத்துக்கு முன்பே நிறுவனத்திடம் பேட்டரி கேட்டு வாங்கிவிட வேண்டும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், ஒளியிழை இன்னும் வராத தெருவில், பெட்டியிலிருந்து கம்பி நீளம் 500 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். விலைக்குத் தகுந்த பண்டம், வெயிலோ பனியோ அறுபடாமல் நிற்கிறது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டியவர்கள் குறைந்தபட்ச உத்தரவாத எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கிடைக்கும் மிகக் குறுகிய ஒப்பந்தத்தையே எடுக்க வேண்டும். கைப்பேசி வலையமைப்பின் வீட்டு இணையமும் அங்கே ஒப்பிடத் தகுந்தது. புதிதாக வீடு பார்ப்பவர்கள் வாசலில் நிற்கும் பெட்டியை நம்ப வேண்டாம். வீட்டின் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ சோதனைப் பக்கத்தில் இட்டு, எந்த எண் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு மாலை நடந்துபோய்த் தேடிப் பாருங்கள். பெட்டியில் எண் எழுதியிருக்கும், சில நேரம் கிறுக்கலுக்கு அடியில்.

எங்கள் பக்கத்துக் கம்பத்துக்கு ஒளியிழை இன்னும் வரவில்லை. அக்கா வரிசைக் கம்பத்தில் சென்ற மாதம் கறுப்பு நிறத்தில் ஒரு குமிழ்ப் பெட்டியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இணைப்புத் தேதியும் அவருக்குக் கொடுத்தாயிற்று. என் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, இன்று காலை பார்த்தபோது வேகம் 63.